வ.உ.சி. நினைவு நாளை ஊரில் நடத்தும் முறை

வ.உ.சிதம்பரனார் 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் காலமானார். அந்த நாள் கார்த்திகை பிறந்த கையோடு, நம் திருநெல்வேலிச் சீமையில் அடைமழை பிடித்துக்கொள்ளும் வேளையில் வருவதால், தெருமுனையில் பந்தல் போடுவதைக் காட்டிலும் பள்ளிக்கூடத்திலோ கிளை நூலகத்திலோ நடத்துவதே நல்லது. மழைக்குப் பள்ளி விடுமுறை விட்டுவிடக்கூடும் என்பதால், நூலகத்திலும் ஒரு சொல் சொல்லி வையுங்கள்.

நோட்டீஸ் அடிப்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பெயரை ‘வ.உ.சிதம்பரனார்’ என்று மட்டும் அச்சிடுங்கள். சாதிச் சங்கம் எதுவும் செலவை ஏற்க முன்வந்தால், ஊரில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பார்த்துக்கொள்கிறோம் என்று பணிவாக மறுத்துவிடுங்கள். தென்மாவட்டங்களில் தலைவர்களின் சிலைகளைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்துக் காக்க நேர்ந்ததே, நாட்டுக்குப் பொதுவானவர்களை ஒரு தெருவுக்கு உரியவர்களாக்கியதால்தான். 1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றவரை அப்படிச் சுருக்குவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

சிலைக்கு மாலை போடுவதானால் உரிய அனுமதியை முன்கூட்டியே வாங்கி, முதல் நாளே சிலையைக் கழுவி விடுங்கள். கூட்டத்தில் பேச வரும் பிரமுகர்களுக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும். அதை அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

மீதி நேரம் முழுவதும் பிள்ளைகளின் வாசிப்புக்கு உரியது. அவர் வாழ்க்கையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு பிள்ளை என ஒரு வாரம் முன்பே கொடுத்து, உரக்கப் படித்துப் பழகச் செய்யுங்கள். 1906-இல் வெள்ளையர் கப்பல் கம்பெனிக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது முதல் பகுதி. 1908 மார்ச் 12 அன்று சுப்பிரமணிய சிவாவுடன் அவர் கைதானதும், மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்ததும், துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டதும் அடுத்த பகுதி. இது முடிந்ததும், நம் ஊர்த் தெருவில் விழுந்த அந்த நால்வருக்காக எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். மொத்தம் நாற்பது ஆண்டுத் தண்டனை, மேல்முறையீட்டில் அது குறைந்தது, கோவைச் சிறையில் செக்கிழுத்தது, 1912-இல் விடுதலை ஆகியவை அதன்பின் வரட்டும்.

பெரும்பாலான கூட்டங்கள் விடுதலையோடு நின்றுவிடுகின்றன. வரவேற்கப் பெரிய கூட்டமில்லாமல் வெளியே வந்து வறுமையில் உழன்றதையும், பறிபோன வக்கீல் உரிமையைத் திரும்பப் பெற உதவிய வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டதையும், உயிலில் கடைப் பாக்கிகளைக்கூட எழுதிவைத்ததையும் அவசியம் படிக்கச் சொல்லுங்கள். நன்றியையும் கடனையும் மறவாத அந்த மனிதரைப் பிள்ளைகள் அறிந்துகொள்ளும் இடம் இதுவே.

வந்தவர்களுக்குக் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி கொடுத்தால் மழைக்கு இதமாக இருக்கும். மழை விட்டதும் ஒரு நாள், படித்த பிள்ளைகளை வேனில் ஒட்டப்பிடாரத்திலுள்ள அவருடைய நினைவு இல்லத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.