ஜிப்சியின் முன் ஆக்சில்: ஆட்டத்தையும் ஆயில் கசிவையும் வீட்டிலேயே சரிசெய்வது

பழைய மாருதி ஜிப்சி வாங்குபவர்கள் முதலில் பெரிய டயருக்கும், லீஃப் ஸ்பிரிங்கின் நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் உயரமான ஷேக்கிலுக்கும் காசு ஒதுக்குகிறார்கள். அந்தக் காசில் ஒரு சின்னப் பங்கு போதும், முன் ஆக்சிலை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்க. அதைச் செய்யாமல் மேலே என்ன மாட்டினாலும் வண்டி ரோட்டில் நேராக ஓடாது. இங்கே சொல்வது முன் டிஸ்க் பிரேக் உள்ள ஜிப்சி கிங்குக்கு. 1996-க்குப் பிறகு வந்த 1298 சி.சி. வண்டி. பழைய 970 சி.சி. வண்டியிலும் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கி, ஸ்டீயரிங்கோடு திரும்பும் பாகம்) வேலை ஏறக்குறைய இதுதான்.

நோய் எப்படி இருக்கும் என்றால்: 50, 60 கி.மீ. வேகத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கினதும் ஸ்டீயரிங் வீல் நிற்காமல் இடமும் வலமும் உதறும். வேகத்தைக் குறைத்தால்தான் அடங்கும். இன்னொரு அறிகுறி, சக்கரத்தின் உள்பக்கம் இருக்கிற உருண்டையான நக்கிளின் மேல் கறுப்பாக ஒழுகி நிற்கும் கூழ். பல கடைகளில் இதற்கு ஸ்டீயரிங் டேம்பரை (அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பரை) மாற்றி அனுப்பிவிடுவார்கள். புது டேம்பர் உதறலைச் சில மாதம் அமுக்கி வைக்கும், அவ்வளவுதான். உள்ளே தேய்மானம் நடந்துகொண்டேதான் இருக்கும்.

எது தேய்ந்திருக்கிறது?

பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வண்டியை கியரில் விடுங்கள், டிரான்ஸ்பர் லீவர் 2எச்-இல் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலையில்) இருக்கட்டும். முன் ஆக்சிலைத் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி இந்த வேலையைத் தொடவே கூடாது.

டயரை மேலும் கீழும் பிடித்து, உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். ஆட்டம் இருந்தால் அது வீல் பேரிங்காகவும் இருக்கலாம், நக்கிள் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங்காகவும் இருக்கலாம். பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு. ஒருவரை பிரேக் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுபோனால் வீல் பேரிங். பிரேக் பிடித்தும் ஆடினால் கிங்பின். பிரேக் பிடிக்கும்போது ஹப்பும் நக்கிளும் ஒன்றாகிவிடுவதால் மிச்சமிருக்கும் ஆட்டம் நக்கிளுக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் மட்டும்தான் இருக்க முடியும்.

டை ராடு (இரண்டு நக்கிளையும் இணைக்கும் கம்பி), டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வரும் கம்பி) இவற்றின் எண்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போது பாருங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக அசைக்கட்டும், நீங்கள் ஒவ்வொரு எண்டின் மேலும் கை வைத்துப் பாருங்கள். கையில் 'டக்' என்று தட்டினால் அந்த எண்டு போய்விட்டது. அப்படியே ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸில் அசைகிறதா, லீஃப் புஷ் கிழிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

நக்கிளில் ஒழுகுவதையும் விரலால் தொட்டுப் பாருங்கள். கெட்டி கிரீஸாக இருந்தால் உருண்டையைத் துடைத்தபடி இருக்கும் வெளி வைப்பர் சீல் மட்டும் தேய்ந்திருக்கும். தண்ணியாக, கியர் ஆயில் வாடை அடித்தால் ஆக்சில் குழாய்க்குள் இருக்கும் உள் சீல் போயிருக்கிறது, டிஃப்ரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைக்கிறது. பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்போது, சக்கரம் திரும்பினாலும் ஷாஃப்டைச் சுழல விடும் சி.வி. ஜாயிண்டையும் சந்தேகப்பட வேண்டும்.

வாங்க வேண்டியவை

இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நான்கு கிங்பின் பேரிங், இரண்டு வைப்பர் சீல் செட் (ஃபெல்ட், ரப்பர், இரும்புத் தகடு மூன்றும் இருக்க வேண்டும்), இரண்டு உள் ஆயில் சீல், ஹப் சீல், புது லாக் வாசர், ஷிம்கள் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்). பேரிங் வாங்கும்போது பழையதன் விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்து, அதே எண்ணை நல்ல கம்பெனியில் வாங்குங்கள். டப்பாவின் மேல் இருக்கும் பெயரை நம்ப வேண்டாம், பேரிங்கிலேயே பெயர் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். கிரீஸ் ஒரு கிலோ, கியர் ஆயில் 80டபிள்யூ-90 ஜிஎல்-5 இரண்டு லிட்டர். கருவிகளில் டார்க் ரெஞ்ச், சர்கிளிப் பிளையர், பித்தளைக் கம்பி, வீல் பேரிங் நட்டுக்கு ஏற்ற சாக்கெட். இவற்றோடு ஐந்து கிலோ வரை காட்டும் கொக்கித் தராசு ஒன்று. இந்த வேலையின் உயிரே அந்தத் தராசில்தான் இருக்கிறது.

பிரிப்பது

ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் தொடுங்கள். சந்தேகம் வந்தால் பிரிக்காத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் டிஃப்ரன்ஷியல் (டிஃப்) ஆயிலை இறக்குங்கள். இறக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன், ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். அது துருப்பிடித்து நின்றுவிட்டால், இறக்கிய பிறகு ஆயில் ஊற்ற வழி இருக்காது. பிரேக் காலிப்பரைக் கழற்றி லீஃபில் கம்பியால் கட்டித் தொங்க விடுங்கள். பிரேக் ஹோஸில் அதன் எடை விழக்கூடாது. டஸ்ட் கேப், சர்கிளிப், ஃபிளாஞ்ச் போல்ட் என்று வரிசையாகக் கழற்றினால் லாக் நட் தெரியும். வாசரின் மடிந்த காதை நிமிர்த்தி, இரண்டு நட்டையும் எடுத்து ஹப்பை இழுங்கள். ஹப் உட்காரும் ஸ்பிண்டிலைச் சுற்றிலும் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டி எடுங்கள். ஆக்சில் ஷாஃப்டை நேராக, கையால் தாங்கி உருவுங்கள்.

டை ராடு எண்டைப் பிரிக்க, நட்டை நுனிவரை தளர்த்தி விட்டு, நக்கிள் கையின் பக்கவாட்டில் சுத்தியலால் அடியுங்கள், அல்லது புல்லர் போடுங்கள். நுனியில் நேராக அடித்தால் மரை நசுங்கும். வைப்பர் தகட்டின் சின்ன போல்ட்டுகளை எடுத்தபின் கிங்பின்களுக்கு வாருங்கள். மேல் பின், கீழ் பின் இரண்டுக்கும் குறியிட்டு, அதனதன் ஷிம்மைத் தனித்தனிக் கவரில் போடுங்கள். கீழ் பின் வெளியே வரும்போது பேரிங் நழுவி விழும், அடியில் கை வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் டீசலில் கழுவித் துடைத்துவிட்டு, ஆக்சிலின் கிங்பின் பேரிங் கப்பை (ரோலர்கள் உருளும் வெளி வளையத்தை) வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நேராக ஓடும்போது ரோலர்கள் உட்காரும் அதே இடத்தில் வரிசையாகக் குட்டிக் கோடுகள் பதிந்திருக்கும். விரல் நகத்தை ஓட்டினால் தடுக்கும். வண்டியின் வாழ்நாளில் பெரும்பகுதி சக்கரம் நேராகவே நிற்பதால் ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் அந்தக் கோடுகளிலேயே விழுகிறது. நடுவில் குழி, இரு பக்கமும் மேடு. ஷிம் எடுத்து இறுக்கினாலும் இப்படிப்பட்ட கப் சரியாகாது: திருப்பத்தில் இறுகும், நேரில் தளரும். அதனால் கப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய கப்பைப் பித்தளைக் கம்பியால் இரு பக்கமும் மாறிமாறித் தட்டி இறக்குங்கள். புதியதை ஏற்றும்போது அடி உட்கார்ந்ததும் சத்தம் மந்தத்திலிருந்து கணீரென்று மாறும், அதுதான் அடையாளம்.

ஆக்சில் உருண்டையின் மேற்பரப்பில் துருப்புள்ளி இருந்தால் 400 எமரியில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து வழவழப்பாக்குங்கள். ஆழமான குழி புது வைப்பரைச் சில வாரத்தில் கிழித்துவிடும்.

பூட்டுவது

உள் சீலை, அதன் உதட்டில் கிரீஸ் தடவி, உதடு டிஃப் பக்கம் பார்க்கும்படி நேராக அடித்து இறக்குங்கள். அடுத்தது எளிதில் மறந்துபோகும் ஒரு விஷயம்: வைப்பர் தகடு, ரப்பர், ஃபெல்ட் மூன்றையும் நக்கிளை ஏற்றுவதற்கு முன்பே உருண்டைக்குப் பின்னால் மாட்டி விட வேண்டும். மறந்தால் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க நேரும்.

இப்போது நக்கிளை மட்டும் ஏற்றுங்கள். ஷாஃப்ட் இல்லை, டை ராடு இல்லை, வைப்பர் தகட்டை இறுக்கவும் இல்லை. பேரிங்குகளுக்கு கிரீஸ் நன்றாகப் பிசைந்து ஏற்றி, பழைய ஷிம்மையே வைத்து, கிங்பின் போல்ட்டுகளை 25 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். நக்கிளை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிவரை பத்து முறை திருப்பி விட்டு, டை ராடு துளையில் தராசின் கொக்கியை மாட்டி, நக்கிள் கைக்குச் செங்குத்தாக இழுங்கள். நக்கிள் அசையத் தொடங்கும் கணத்தில் தராசு 1 முதல் 1.8 கிலோவுக்குள் காட்ட வேண்டும்.

குறைவாகக் காட்டினால் ஷிம் எடுங்கள், அதிகமாகக் காட்டினால் சேருங்கள். எடுப்பதையும் சேர்ப்பதையும் மேலும் கீழும் சமமாகச் செய்வது முக்கியம். ஒரே பக்கத்தில் செய்தால் நக்கிளின் மையம் இறங்கி ஷாஃப்ட் கோணலாகும், உள் சீல் ஒரு பக்கமாகத் தேயும். 'இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே' என்று 3 கிலோவுக்கு ஏற்றி வைத்தால், திருப்பம் முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது, ஓட்டும்போது ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டே போகும். ஒரு நக்கிளுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் இந்த அளவில் சமரசம் வேண்டாம்.

அளவு வந்ததும் மேல் பின்னின் அடியில் மெல்லிய சீலண்ட் தடவிப் பூட்டி, வைப்பரை இறுக்குங்கள். சி.வி. ஜாயிண்டின் உருண்டைகளுக்கு நடுவே கிரீஸைத் திணித்து, ஷாஃப்டைச் சீலில் படாமல் உள்ளே விட்டு, பல் பிடிக்கும்வரை சுழற்றித் தள்ளுங்கள். ஸ்பிண்டிலுக்குள் இருக்கும் புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால் அதையும் மாற்றுங்கள்.

வீல் பேரிங்கை இறுக்குவது இப்படி: ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே உள் நட்டை 80 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, முழுதாகத் தளர்த்தி, மறுபடி 10 முதல் 15-க்கு இறுக்குங்கள். வீல் ஸ்டட்டில் தராசை மாட்டி இழுத்தால் 1 முதல் 3 கிலோவுக்குள் ஹப் சுழலத் தொடங்க வேண்டும். பிறகு வாசர், லாக் நட் 60 முதல் 90 நியூட்டன் மீட்டர், காதை மடிப்பது. லாக் நட் இறுக்கிய பின் தராசால் இன்னொரு முறை பாருங்கள், அளவு மாறியிருக்கும் வாய்ப்பு அதிகம்.

டோ-இன், அதாவது முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு, 2 முதல் 6 மி.மீ. இரண்டு முன் டயரின் நடுவிலும் முன்பக்கம், ஹப் உயரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். கோடு பின்பக்கம் அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியைத் தள்ளி மறுபடி அளந்தால், பின் அளவிலிருந்து முன் அளவைக் கழித்து வருவதுதான் டோ-இன். ஸ்டீயரிங் வீல் நேராக இல்லாவிட்டால் டிராக் லிங்க்கில் திருத்துங்கள், டை ராடைத் தொடாதீர்கள்.

முன் டிஃபில் 2 லிட்டர் ஆயில் பிடிக்கும். ஊற்றும் துளையில் வழியும்வரை ஊற்றினால் போதும்.

இதற்குப் பிறகு மேம்படுத்துவது

முதல் மேம்பாடு பிரீதர் குழாய், செலவு மிகக் குறைவு. ஆக்சிலின் மேல் இருக்கும் சின்ன மூச்சுத் துளை சேற்றில் அடைத்துக்கொண்டால், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலைச் சீல் வழியே தள்ளும். சூடான ஆக்சில் ஆற்று நீரில் இறங்கினால் சட்டென்று குளிர்ந்து அதே சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். புது சீலும் சீக்கிரம் ஒழுகுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இறுக்கமாகப் பொருந்தும் பெட்ரோல் ஹோஸை மாட்டி இன்ஜின் அறையின் உயரமான இடத்துக்கு ஏற்றி, நுனியில் ஒரு சின்ன பெட்ரோல் ஃபில்டரைக் குத்திவிடுங்கள். ஆக்சில் முழுதாக இறங்கினாலும் இழுபடாத அளவுக்கு ஹோஸில் தொங்கல் விடுங்கள். பின் ஆக்சிலுக்கும் இதையே செய்யலாம்.

ஷேக்கில் நீட்டி உயர்த்துபவர்கள் கவனிக்க வேண்டியது கேஸ்டர், அதாவது கிங்பின் அச்சின் மேல்பக்கம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். ஜிப்சியில் முன் லீஃபின் ஷேக்கில் முன்னுனியில் இருக்கிறது. அதை நீட்டினால் ஆக்சில் முன்னுக்குச் சாய்ந்து கேஸ்டர் குறையும், சரிசெய்த உதறல் திரும்பி வரும். லீஃபுக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்புத் தகடு வைத்து, அதன் தடித்த பக்கம் முன்னால் இருக்கும்படி பூட்டினால் கேஸ்டர் திரும்பும்.

205/70 ஆர்15-இலிருந்து 235/75 ஆர்15-க்குப் போனால் விட்டம் சுமார் 668 மி.மீ.-இலிருந்து 733 ஆகிறது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் போகும், இழுவையும் பிரேக்கும் அதே விகிதத்தில் குறையும். சக்கரத்தை வெளியே தள்ளும் அகல ரிம் இன்னும் மோசம், கிங்பின்னின் மேல் நெம்புவிசை கூடும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதால், டயருக்குக் காசு கொடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

500 கி.மீ. ஓடியதும் கிங்பின் போல்ட்டுகளையும் வீல் பேரிங் ஆட்டத்தையும் மறுபடி பாருங்கள். புது கப் உட்கார்ந்து கொஞ்சம் தளர்ந்திருந்தால், மேலும் கீழும் ஒவ்வொரு மெல்லிய ஷிம் எடுக்க வேண்டியிருக்கும்.