மண்சாலையில் இறங்கும் முன் டயர் காற்றைக் குறையுங்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஹோல்-இன்-தி-ராக் சாலையில் முகாமிடப் போகிறீர்களா? எஸ்கலாண்டே ஊரைத் தாண்டி, தார் முடிந்து மண் தொடங்கும் இடத்திலேயே வண்டியை நிறுத்தி, நான்கு டயர்களிலும் காற்றைக் குறைத்துவிடுங்கள். 35 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) இருந்தால் 25 போதும்.

1879-80 குளிர்காலத்தில் மார்மன் என்ற கிறித்தவச் சமயப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் சுமார் 250 பேர் வண்டிகட்டிப் போன தடம் இது. ஒரு வழிக்கே ஏறக்குறைய 100 கி.மீ.; பெரும்பகுதி வரிவரியாக மேடு விழுந்த மண். காற்று குறைந்த டயர் அமுங்கிக் கொடுத்து அந்த அதிர்வைத் தானே வாங்கிக்கொள்கிறது. தரையில் படியும் பரப்பும் கூடுவதால் மணலில் பிடிப்பு கிடைக்கிறது. பின்னால் கட்டிய தண்ணீர்க் கேன் மூடி கழன்று படுக்கையை நனைக்காது, இதற்காகவே செய்யலாம்!

ஆனால், 12 வோல்ட் காற்றடிக்கும் பம்ப் கையில் இல்லாவிட்டால் இதைச் செய்யவே வேண்டாம். குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் டயர் சூடேறி வெடிக்கக்கூடும். கடைசிச் சில மைல்கள் கரடுமுரடான பாறை. அடிப்பகுதி தரையிலிருந்து உயரமாக உள்ள, நான்கு சக்கர இயக்க (4x4) வண்டிக்கே உரியது. அங்கே 25க்கும் கீழே இறக்கினால் டயரின் பக்கச்சுவர் கிழியக்கூடும். மழை பெய்து களிமண் குழைந்துவிட்டால் எந்த அழுத்தமும் உதவாது. சாலை காயும்வரை கூடாரத்திலேயே இருங்கள்.