குழந்தை காலை ஊன்ற மாட்டேன் என்கிறதா?

குழந்தைகள் வார்டில் 28 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது பேத்தியைப் பார்த்துக்கொள்கிறேன். தெருவில் எந்தக் குழந்தை நொண்டினாலும் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். "கால்ஷியம் கம்மி போலிருக்கு சிஸ்டர், சொட்டு மருந்து சொல்லுங்க" என்பார்கள். கால்ஷியம் எலும்பில் சேர உதவும் வைட்டமின் டி குறைவு மாதக்கணக்கில் வந்து மாதக்கணக்கில் சரியாகும். எலும்பில் சீழ் பிடிப்பது அப்படியில்லை, அங்கே நாள் கணக்குத்தான்.

முதலில் வைட்டமின் டி. தாய்ப்பாலில் இது மிகக் குறைவு. பிறந்ததிலிருந்து ஒரு வயது வரை தினமும் 400 யூனிட், அதற்கு மேல் 600 யூனிட் வேண்டும். காலை இளவெயிலில் காட்டினால் போதும் என்று பாட்டிமார் சொல்வோம். ஆனால் நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயிலில்தான் இந்தச் சத்து நன்றாக உண்டாகும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் பலனில்லை. பச்சைக் குழந்தையை உச்சிவெயிலில் போட முடியுமா? அதனால்தான் டாக்டர்கள் சொட்டு மருந்து எழுதுகிறார்கள்.

பாட்டிலை வாங்கியதும் லேபிளைப் படியுங்கள். ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ளதும் உண்டு, 800 உள்ளதும் உண்டு. கடைக்காரர் வேறு கம்பெனி மருந்தைக் கொடுத்தால் பழைய அளவையே ஊற்றிவிடாதீர்கள். 800 என்றால் 400 யூனிட்டுக்கு அரை மில்லிதான். டிராப்பரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் கோட்டைப் பாருங்கள். மருந்தைத் தொண்டையில் விடாமல் கன்னத்தின் உள்பக்கம் மெதுவாக விடுங்கள். எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டரில் தாள் கிழிக்கும்போதுதான் மருந்து. தாள் கிழிந்திருந்தால் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். பெரியவர்களுக்கு எழுதிய 60,000 யூனிட் பாக்கெட்டை நீங்களாகவே குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கவே கூடாது. அளவு மீறினால் வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கோளாறு வரை போகும்.

மணிக்கட்டு தடிப்பது, ஒன்றரை வயதாகியும் உச்சிக்குழி மூடாதது, நடக்க ஆரம்பித்த பின் கால் வரவர வில்லாக வளைவது, இவையெல்லாம் குறைபாட்டின் அடையாளங்கள். டாக்டரிடம் காட்டுங்கள். வலிப்பு வந்தால் மட்டும் அந்த நிமிடமே ஓடுங்கள்.

சரி, இப்போது சீழ் விஷயம். பக்கத்துத் தெருவில் இரண்டு வயதுப் பையன் திண்ணையிலிருந்து விழுந்தான். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு வழித்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல், காலைத் தொட்டாலே அலறல். விழுந்த கதை எல்லோர் கண்ணையும் மறைத்துவிட்டது. ரத்தத்தில் கலந்த கிருமி, பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ், நீண்ட எலும்பின் முனையில் போய்த் தங்கிவிடும். முழங்காலை ஒட்டிய இடம் அதற்கு ரொம்பப் பிடிக்கும்.

வீட்டில் இப்படிப் பாருங்கள். குழந்தையை மடியில் வைத்து, முதலில் நல்ல காலைத் தொட்டு விளையாட்டுக் காட்டுங்கள். அப்புறம் மற்ற கால். பாதத்திலிருந்து ஒரே விரலால் லேசாக அழுத்திக்கொண்டே மேலே வாருங்கள். அப்போது காலைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் முகம் சுருங்கினால், காய்ச்சலும் இருந்தால், அல்லது காலை ஊன்றவே மறுத்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. கைக்குழந்தைக்குக் காய்ச்சலே இல்லாமலும் போகலாம். ஒரு கையையோ காலையோ மட்டும் ஆட்டாமல் கிடக்கும், டயப்பர் மாற்றும்போது வீறிடும்.

எண்ணெய் தேய்க்க வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம், ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் அது சிக்காமல் போய்விடும். முதல் வாரத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம், அதைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பி ரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ ஸ்கேன் என்று டாக்டர் எழுதினால் "எதுக்கு இவ்வளவு?" என்று இழுக்காதீர்கள். மூட்டுக்குள் சீழ் போனால் குருத்தெலும்பு அரித்துவிடும்.

சில நாள் ஊசி, பிறகு வாய்வழி மருந்து, பெரும்பாலும் எல்லாம் சேர்த்து மூன்று நான்கு வாரம். ஒரு வாரத்திலேயே குழந்தை ஓட ஆரம்பித்துவிடும், மருந்து மறந்துபோகும். கடைசி வேளை எந்தத் தேதியில் வருகிறதோ, காலண்டரில் அந்தத் தாளின் மூலையை டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்றே மடித்து வையுங்கள்.