கட்சீனில் குத்துக்கு எடை வந்த விதம்
பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் நான் செய்த சண்டைக் கட்சீனில், அதாவது விளையாட்டுக்கு நடுவே ஓடும் காட்சியில், நாயகன் குத்துகிறான், எதிரி பறக்கிறான். அடியில் கனமே இல்லை. நாம் போஸைக் குறித்துவைக்கும் கீஃபிரேம்களுக்கு இடையே மென்பொருள் இயல்பாகவே பெசியே என்ற மென்மையான வளைவு போட்டு நிரப்புவதால் எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. 2014-இல் வந்த கில்ட்டி கியர் எக்ஸ்ஆர்டி விளையாட்டில் முப்பரிமாண உருவங்களை இடைநிரப்பல் இல்லாமல், போஸ் போஸாகக் கையால் அமைத்திருப்பார்கள். அதே வழியில் போனேன். அசைவின் வளைவுகளைத் திருத்தும் கிராஃப் எடிட்டரில் குத்தின் கீஃபிரேம்களுக்கு மட்டும் இன்டர்போலேஷனை (இடைநிரப்பலை) கான்ஸ்டன்ட் ஆக்கினேன், அதாவது அடுத்த கீஃபிரேம் வரும்வரை போஸ் அப்படியே நிற்கும். கையைப் பின்னிழுக்கும் போஸை நீட்டி, பாய்ச்சலை 2 ஃபிரேமாகச் சுருக்கினேன். முஷ்டி பட்டதும் இருவரையும் 3 ஃபிரேம் அப்படியே நிறுத்தி, கேமராவை மட்டும் உலுக்கினேன். உயிரே இந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்! மற்ற கேமரா நகர்வுகள் பெசியேயிலேயே இருக்கட்டும், இல்லையென்றால் கண் வலிக்கும். அடிச்சத்தம் அந்த நிறுத்தத்தின் முதல் ஃபிரேமிலேயே தொடங்க வேண்டும்.