நாயைத் தேனீ, குளவி கொட்டினால் செய்யக்கூடாதவை

கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவுவது நம் ஊர்ப் பழக்கம். நாய்க்கு அது வேண்டவே வேண்டாம். தடவியதை நக்காமல் விடாது, நாக்கும் உதடும் வெந்து புண்ணாகிவிடும். தலைவலித் தைலம், மண்ணெண்ணெயும் கூடாது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் ஒற்றி எடுங்கள், போதும்.

தேனீ கொட்டினால் கொடுக்கு விஷப்பையோடு தோலில் தங்கிவிடும். குளவியும் கதண்டும் பெரும்பாலும் அப்படி விட்டுப்போகாது. முடியை விலக்கிப் பார்த்து, கறுப்பாகத் துருத்திக்கொண்டிருந்தால் உடனே நகத்தால் வழித்து எடுங்கள். இடுக்கி தேடி வீடெல்லாம் அலைந்தால் அதற்குள் விஷம் இறங்கிவிடும். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும், அதனால் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

மாத்திரை விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பாராசிட்டமால் நாயின் ஈரலையும் ரத்தத்தையும் கெடுக்கும். ஐபுப்ரோஃபென் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் பாதிக்கும். அலர்ஜி மாத்திரைகள் சிலவற்றை டாக்டர்களே நாய்க்கு எழுதுவதுண்டு, ஆனால் எடை பார்த்து அளவு சொல்வார்கள். வீட்டில் கிடக்கும் சளி மாத்திரையில் வேறு மருந்தும் கலந்திருக்கும். கேட்காமல் கொடுக்காதீர்கள்.

இதைவிடப் பெரிய தவறு, வாந்தியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வது. கடுமையான ஒவ்வாமை நாய்க்குப் பெரும்பாலும் ஈரலையும் குடலையும்தான் தாக்கும். முகம் வீங்காமலே திடீரென வாந்தி, பேதி, தள்ளாட்டம் வரலாம். ‘எதையோ தின்னுட்டான்’ என்று விட்டுவிடாதீர்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். ஈறு கறுப்பான நாய்க்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், நடத்திக் கூட்டிப்போக வேண்டாம். போகும் வழியிலேயே டாக்டருக்குப் போன் செய்துவிடுங்கள்.

பறக்கும் தேனீயைக் கவ்வப் போய் வாய்க்குள் கொட்டு வாங்கும் நாய்கள் நிறைய. வெளியே ஒன்றும் தெரியாது. எச்சில் வடிந்து, மூச்சில் கரகரப்பு கேட்டால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். இதற்கும் ஆஸ்பத்திரிதான்.

கூட்டமாகக் கொட்டியிருந்தால், நாய் தெளிவாக இருந்தாலும் அன்றே காட்டிவிடுங்கள். ரத்த அணுக்கள் சிதைவதும் சிறுநீரகம் பாதிப்பதும் சில நாள் கழித்துக்கூட வெளிப்படும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கிளம்புங்கள்.