ரூஃப்டாப் ரெஸ்டாரன்ட் ரெனவேஷன்: பகல்ல சைட் பாத்துட்டு ராத்திரிக்கு டிசைன் பண்ணாதீங்க

போன வாரம் மெரினா பக்கம் ஒரு ஹோட்டல் மொட்டை மாடி சைட்டுக்குப் போயிருந்தேன், ரெண்டு பசங்க காலையில பதினோரு மணி வெயில்ல நின்னு கிளையன்ட்கிட்ட சீலிங் கலருக்கு அப்ரூவல் வாங்கிட்டு இருந்தாங்க. நான் ஆரம்பத்துல பண்ண அதே தப்பு, வயித்தைக் கலக்கிடுச்சு. மெனு காத்துல பறக்கும், சீட் துணி வெளுக்கும்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுடறேன்.

ராத்திரி ஜன்னல் கண்ணாடி, முகம் பாக்குற கண்ணாடி ஆயிடும்

நான் ஆரம்பத்துல பண்ண ஒரு ரூஃப்டாப் ரெஸ்டாரன்ட்ல கிழக்குப் பக்கம் முழுக்க கிளாஸ் போட்டோம், கடல் தெரியணும்னு. வெள்ளை சீலிங், ஓரத்துல 4000 கெல்வின் (வெள்ளை வெளிச்சம்) ஸ்ட்ரிப் லைட், டேபிளுக்கு வெள்ளை மார்பிள். பகல்ல அவ்ளோ அழகு. திறந்த அன்னைக்கு ராத்திரி ஜன்னலோரம் உக்காந்த ஒரு அம்மா "ஏம்பா, கடல் எந்தப் பக்கம்?"னு கேட்டாங்க. அவங்க சேர் பக்கத்துல குனிஞ்சு பாத்தேன். ஸ்ட்ரிப் லைட் கோடு, தட்டோட வர்ற சர்வர், என் முகம். கடல் இல்ல.

சாதா கிளாஸ் தன் மேல விழுற வெளிச்சத்துல சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், டபுள் கிளாஸ்னா இன்னும் ஜாஸ்தி. பகல்ல வெளிய இருக்கிற வெளிச்சத்துல அது தெரியாது, ஆனா ராத்திரி கடல் கறுப்பு, அங்கேர்ந்து ஒண்ணும் வராது, அதனால உள்ள இருக்கிறதுதான் திரும்பித் தெரியும். ஊரைப் பாத்த மாடின்னா தெரு லைட்டாவது கொஞ்சம் காப்பாத்தும். மேனேஜர் ஸ்ட்ரிப்பை அணைச்சாரு, உடனே எல்லா டேபிள்லயும் மெனு படிக்க மொபைல் டார்ச். கடைசியில மூணு வாரம் மூடி வச்சு சீலிங்குக்குப் பளபளப்பில்லாத கரி கலர் அடிச்சு, 2700 கெல்வின்ல (மஞ்சள் வெளிச்சம்) தட்டு மேல மட்டும் விழுற மாதிரி குறுகலான லைட் மாத்தினோம். அந்தப் பில்லை நினைச்சா இன்னும் எரியுது.

ஏர்போர்ட் கன்ட்ரோல் டவர் கிளாஸ் மேல்பக்கம் வெளிய சாஞ்சு இருக்கும், உள்ள இருக்கவங்களுக்கு இருட்டான சீலிங் மட்டும் பிரதிபலிக்கணும்னுதான் அப்படி வைக்கிறாங்க. நம்ம கிளாஸ் நேரா நிக்கும், அதுல பின்சுவரோட பிரதிபலிப்பு விழும், அதனால பின்சுவர்ல இருக்கிற பார் ஷெல்ஃபுக்கு பளிச்னு லைட் போடாதீங்க.

சைட்டுக்கு ராத்திரி ஏழு மணிக்கு மேல போங்க. சேர்ல உக்காருங்க, நின்னு பாக்காதீங்க. ரெண்டு கையையும் குவிச்சு கிளாஸ்ல ஒட்டி வச்சுப் பாருங்க, அப்போ மட்டும் வெளிய தெரிஞ்சா குத்தம் உங்க லைட்டுல.

செடித் தொட்டி

ஈர மண்ணு ரெண்டடி ஆழத்துக்குப் போட்டா சதுர மீட்டருக்கு ஒரு டன்னைத் தாண்டும். ஆள் நடமாடுற மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 (கட்டடம் தாங்க வேண்டிய எடைக்கான இந்தியத் தரநிலை) சொல்ற லைவ் லோடு, அதாவது ஆள், சாமான் எடை, சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோதான். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்து இல்லாம ஒரு தொட்டி கூட ஏத்தாதீங்க.

கைப்பிடி

கடல் காத்துக்கு 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல பழுப்புக் கறை படியும். 316 கிரேடு கேளுங்க.

சோஃபா

ஆர்டருக்கு முன்னாடி சர்வீஸ் லிஃப்ட் கதவை அளங்க.