அட்டையைப் பார்த்து ஜாஸ் தட்டு வாங்காதீர்கள்

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டிலோ, பிரான்சுக்குக் குடிபோன உறவினர் விட்டுச்சென்ற டிரங்குப் பெட்டியிலோ, கடலூரில் வீடு காலி செய்தவர் பழைய பேப்பர் கடையில் போட்ட கட்டிலோ ஒரு ஜாஸ் எல்பி (நீண்டநேரம் ஓடும் வினைல் இசைத்தட்டு) கண்ணில் பட்டால், கை முதலில் அட்டையைத்தான் புரட்டும். படம் கறுப்பு வெள்ளையில் அழகாக இருக்கும், 1958 என்று அச்சிட்டிருக்கும், விற்பவரும் ஒரிஜினல் என்பார். விலை அங்கேயே முடிவாகிவிடும். காசு போவதும் அங்கேதான். அட்டையில் உள்ள ஆண்டு அந்த இசை பதிவான அல்லது முதலில் வெளியான ஆண்டு. கையில் இருக்கும் தட்டு எப்போது, எங்கே அச்சானது என்பதை அட்டை சொல்லாது. அதைச் சொல்வது தட்டின் உள்வளையம். கடைசிப் பாட்டு முடிந்த இடத்துக்கும் மையத்தில் உள்ள காகித லேபிளுக்கும் நடுவே பளபளப்பாக இருக்கும் பகுதி அது. டெட் வாக்ஸ் என்றும் ரன்-அவுட் என்றும் சொல்வார்கள்.

அதைப் படிக்க இரண்டு பொருள் போதும். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று, சின்ன எல்இடி டார்ச் ஒன்று. விளக்கை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. தட்டோடு தட்டாகப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால், கையால் கீறிய எழுத்தும் அச்சுக் குத்திய எழுத்தும் எழும்பி வரும்.

ஒரு 'காது' மாற்றும் விலை

ப்ளூ நோட் என்ற அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதிகம் தேடப்படுவதும் அதுதான், அதிகம் ஏமாறுவதும் அதில்தான். 1939-ல் நியூயார்க்கில் தொடங்கிய இந்த நிறுவனம் 1966-ல் லிபர்ட்டி நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்கு முன் இதன் எல்பிகளை அச்சிட்டது நியூஜெர்சியில் இருந்த பிளாஸ்டிலைட் ஆலை. அந்த ஆலை உள்வளையத்தில் ஒரு சாய்ந்த ஆங்கில 'பி' எழுத்தைப் பதித்தது. பார்வைக்கு மனிதக் காது போலிருப்பதால் சேகரிப்பவர்கள் அதைக் 'காது' என்றே சொல்கிறார்கள்.

லிபர்ட்டி கைக்குப் போனபோது பழைய லேபிள்களும் அட்டைகளும் மிச்சம் இருந்தன. அவற்றை வீணாக்காமல் வேறு ஆலைகளில் அச்சிட்ட தட்டுகளுக்கு ஒட்டினார்கள். அதனால் லேபிள் பழையது, அட்டை பழையது, தட்டு மட்டும் 1966-க்குப் பிந்தையது என்ற கலவை நிறையவே கிடைக்கிறது. காது இல்லையென்றால் முதல் பதிப்பின் விலை கொடுக்காதீர்கள்.

காது இருந்தாலும் வேலை முடியவில்லை. 1958-ல் வந்த ஆல்பத்தை 1964-ல் அதே ஆலை மறுபடி அச்சிட்டிருக்கலாம். இப்போது லேபிளில் உள்ள முகவரியைப் பாருங்கள். 1950-களின் தொடக்கத்தில் '767 லெக்சிங்டன் அவென்யூ', 1957 வாக்கில் '47 வெஸ்ட் 63', 1960-களின் தொடக்கம் கடந்ததும் வெறும் 'நியூயார்க், யுஎஸ்ஏ'. ஆல்பத்தின் ஆண்டும் முகவரியும் ஒத்துப்போக வேண்டும். இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் பழைய முகவரியும் மறுபக்கம் புதியதுமாக ஒட்டிய தட்டுகளும் உண்டு.

ப்ளூ நோட்டின் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் முத்திரை உள்வளையத்தில் இருப்பதாலேயே தட்டை முதல் பதிப்பு என்பது இன்னொரு பரவலான தவறு. ஆரம்பத்தில் கையால் ஆர்விஜி என்று கீறினார், பிறகு முழுப்பெயரையும் அச்சுக் குத்தினார். தட்டை அச்சிட உதவும் அந்த உலோக அச்சுகளையே லிபர்ட்டியும் தொடர்ந்து பயன்படுத்தியது. ஆகவே அந்த முத்திரை, ஒலி அவர் வரிகளாக (ஊசி ஓடும் பள்ளங்களாக) வெட்டிய மூலத்தட்டிலிருந்து வந்தது என்பதற்குச் சாட்சி, காலத்துக்குச் சாட்சி இல்லை. காதில்லாத, வான் கெல்டர் முத்திரையுள்ள லிபர்ட்டிகாலத் தட்டு கேட்பதற்கு அருமையானது. லிபர்ட்டிகாலத் தட்டுக்குரிய விலைக்கே கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். லேபிளைச் சுற்றி ஓடும் ஆழமான பள்ளமும் அப்படித்தான். அது அச்சு இயந்திரத்தின் பழைய டை என்ற உலோக அச்சால் விழுவது. மற்ற அடையாளங்களோடு சேர்ந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

கொலம்பியா நிறுவனத்தின் தட்டுகளில் லேபிளின் இருபுறமும் மொத்தம் ஆறு கண் சின்னங்கள் இருந்தால் 1962 வரையிலான பதிப்பு. உள்வளைய எண்ணின் முடிவில் வரும் 1ஏ, 1பி, 1சி என்பவற்றைத் தர வரிசையாக எண்ணிக்கொண்டு 1ஏ-வுக்கு மட்டும் அள்ளிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். லேக்கர் எனப்படும் மூலத்தட்டுகள் பலவற்றை ஒரே சமயத்தில் வெட்டி வெவ்வேறு ஆலைகளுக்கு அனுப்பினார்கள். 1டி உள்ள தட்டும் முதல் நாள் கடைக்கு வந்ததாக இருக்கலாம்.

முதல் பதிப்புதான் எப்போதும் சரியான ஒலி என்பதும் இல்லை. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரு நாள்களில் பதிவானது. மார்ச் பதிவின்போது முதன்மை டேப் கருவி சற்று மெதுவாக ஓடியதால், முதல் பக்கத்தின் மூன்று பாட்டும் தட்டில் வேகமாகவும் சுருதி கூடியும் ஒலிக்கின்றன. 1990-களின் மறுபதிப்புகளில்தான் அது சரிசெய்யப்பட்டது. சாக்ஸபோனோ கீபோர்டோ வைத்துக்கொண்டு கூடவே வாசித்துப் பழகுபவருக்கு 1959 தட்டு உதவாது. திருத்திய மறுபதிப்பு அதற்குப் போதும், விலையும் மிகக் குறைவு.

கனத்தை வைத்து மறுபதிப்பை எடைபோடுவது

180 கிராம் என்ற ஸ்டிக்கர் ஒலியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சாதாரண எல்பி 120 முதல் 140 கிராம். கூடுதல் 40 கிராம் பிளாஸ்டிக் தட்டை விறைப்பாக்கும், அவ்வளவுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்த மூலத்திலிருந்து வெட்டினார்கள், வெட்டியவர் யார்?

ஐரோப்பாவில் ஒலிப்பதிவுக்கான காப்புரிமை முன்பு 50 ஆண்டுகள்தான். 2011-ல் சட்டம் மாற்றி 70 ஆக்கினார்கள், ஆனால் 1963-க்கு முன் வெளியானவை அதற்குள் பொதுச்சொத்தாகிவிட்டன. ஜாஸின் பொற்காலம் முழுக்க அந்த எல்லைக்குள் வருகிறது. அதனால் மூல டேப்பைத் தொட்டே பார்க்காதவர்களும் சிடியிலிருந்து எடுத்துக் கனமான எல்பியாகப் போட முடிகிறது. அங்கே அது சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் நீங்கள் வாங்குவது சிடியின் ஒலி. அடையாளம் எளிது: அட்டையில் எடையும் 'லிமிடெட் எடிஷன்' என்பதும் பெரிதாக இருக்கும், மாஸ்டரிங் (அச்சுக்கு ஒலியைத் தயார்செய்வது) செய்தவர் பெயர் எங்குமே இருக்காது. அந்தத் தட்டுக்கு இங்கே 2,000, 3,000 ரூபாய் கேட்டால் சிடியையே வாங்கிக்கொள்வது நல்லது.

மாறாக, ப்ளூ நோட்டின் டோன் போயட் மறுபதிப்பு வரிசை 2019 முதல் மூல டேப்பிலிருந்து மாஸ்டரிங் பொறியாளர் கெவின் கிரே வெட்டியது. ஃபேன்டசி நிறுவனம் 1982-ல் தொடங்கிய ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ் வரிசையின் பழைய தட்டுகளும் நல்லவை. பிரெஸ்டீஜ், ரிவர்சைடு நிறுவனங்களின் ஆல்பங்களைக் கேட்க வேண்டும் என்பவர் இவற்றில் தொடங்கலாம். ஜப்பானிய அச்சுகளில் இரைச்சல் மிகக் குறைவு, ஆனால் பலவும் அங்கே அனுப்பிய நகல் டேப்பிலிருந்து வெட்டியவை. சிலருக்கு அந்த ஒலி சற்று மெலிந்ததாகப் படும். மறுவிற்பனையில் அட்டையைச் சுற்றியுள்ள ஓபி என்ற காகிதப் பட்டை இருந்தால் ஒரு விலை, கிழித்துப் போட்டால் வேறு விலை. தூக்கிப் போடாதீர்கள்.

'எலக்ட்ரானிக்கலி ரீசேனல்டு ஃபார் ஸ்டீரியோ' என்று போட்டிருந்தால் அப்படியே வைத்துவிட்டு நகருங்கள். மோனோ பதிவை வடிகட்டி இரண்டாகப் பிரித்த போலி ஸ்டீரியோ அது.

நிலையை அளப்பதில்

விஜி (வெரி குட்) என்ற தரக்குறியைப் பார்த்து நல்ல தட்டு என்று நினைத்து வாங்கியவர்கள் ஏராளம். நடைமுறையில் அதில் கரகரப்பு பாட்டோடு சேர்ந்தே கேட்கும். கோல்ட்மைன் என்ற அமெரிக்க இசைத்தட்டு இதழின் அளவுகோலின்படி நியர் மின்ட் (கிட்டத்தட்டப் புதியது) விலையில் விஜி பிளஸ் பாதி, விஜி கால்வாசி. கீறலின் மேல் நகத்தை லேசாக ஓட்டுங்கள். நகத்தில் தட்டுப்பட்டால் ஊசியிலும் தட்டுப்படும். நடு ஓட்டையைச் சுற்றி வெள்ளைக் கோடுகள் மண்டியிருந்தால் பலமுறை போட்ட தட்டு. கீறலே இல்லாமல் பரப்பு சாம்பல் பூத்திருந்தால் கனமான பழைய ஊசி வரிகளைத் தேய்த்துவிட்டது என்று அர்த்தம். டிரம்பெட் உச்சத்துக்குப் போகும் இடத்தில் கிழிந்து ஒலிக்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. போட்டுக் கேட்க வசதியிருந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். தேய்மானம் முதலில் காதில் விழுவது உள்வரிகளில்தான்.

டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டு இணையதளத்தில் விலை பார்க்கும்போது கேட்கும் விலையை விட்டுவிட்டு, விற்றுமுடிந்த விலையை எடுங்கள். அதுவும் உங்கள் உள்வளைய எண்ணோடு பொருந்தும் பதிப்பின் விலையை.

அரக்குத் தட்டுகள்

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய அரக்குத் தட்டுதான் 78. அந்தத் தட்டில் ஸ்பிரிட், சானிடைசர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் படக் கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஒரே ஒரு துடைப்பில் வரிகள் மழுங்கிவிடும். ஊறவும் வைக்காதீர்கள், அரக்கோடு கலந்த கல்தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, மென்மையான பிரஷ்ஷால் வரியின் போக்கிலேயே தேய்த்து, சுத்தமான தண்ணீரில் அலசி உடனே ஒற்றி எடுங்கள். லேபிள் நனையக் கூடாது. எல்பிக்கும் இதே முறை. குழாய்த் தண்ணீரின் உப்பு வரிக்குள் காய்ந்து படபடக்கும். டிடிஎஸ் மீட்டரில் 5-க்குள் காட்டும் தண்ணீர் வேண்டும்.

ஊசியும் வேறு. எல்பிக்கு ஏறத்தாழ 18 மைக்ரான், 78-க்கு 76 மைக்ரான். எல்பி ஊசி 78-ன் வரியில் அடித்தளத்துக் குப்பையில் உரசிக்கொண்டு போகும். சாவி கொடுக்கும் கிராமபோனில் எல்பியை வைப்பதோ நேரடிக் கொலை. எஃகு முள் ஒரே ஓட்டத்தில் வரிகளை உழுதுவிடும்.

அமெரிக்க லேபிளாகத் தேடித் தேடி, கொல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான இந்திய ஜாஸ் 78-களைத் தள்ளிவிடுகிறார்கள். இது வருத்தமான தவறு. 1940-களில் கல்கத்தாவில் பியானோ வாசித்துப் பதிவு செய்த டெடி வெதர்ஃபோர்டு, பம்பாயில் டிரம்பெட் வாசித்த கோவாக்காரர் சிக் சாக்லேட் போன்றவர்களின் கொலம்பியா தட்டுகள் வேறு எந்த நாட்டிலும் எளிதில் கிடைக்காதவை. கட்டோடு வாங்கும்போது ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள்.

ப்ளேயர் விஷயத்தில் ஒன்று

அமெரிக்காவிலிருந்து வந்த பழைய ப்ளேயருக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் மாட்டினால் போதாது. அது வோல்ட்டைக் குறைக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. மின்சாரத்தின் ஹெர்ட்ஸுக்கு ஏற்பச் சுழலும் சிங்க்ரனஸ் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடி, எல்பிக்கு வேண்டிய நிமிடத்துக்கு 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும். சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கும். 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். பிரான்சிலிருந்து வந்த ப்ளேயருக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பின்னால் 110/220 சுவிட்ச் இருந்தால் எதில் நிற்கிறது என்று பார்க்காமல் பிளக்கைச் செருகாதீர்கள்.

உப்புக்காற்று, மழை, மொட்டைமாடி வெயில்

இந்தக் கடற்கரையில் வாங்குவதைவிட வைத்திருப்பதுதான் கடினம். நேராக மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறையும் மேற்குப் பார்த்த சுவரும் தட்டுக்கு ஆகாது. சாய்ந்து நிற்கும் தட்டு சித்திரை வெயிலில் மெல்ல வளையும். புதுத் தட்டின் ஷ்ரிங்க் உறையைப் பிரிக்காமல் வைத்தால் அது சூட்டில் சுருங்கி தட்டையும் இழுக்கும். கெட்டியான பிவிசி உறை இன்னும் மோசம். அதிலிருந்து கசியும் எண்ணெய்ப்பொருள் தட்டின் மேல் பால்படலமாகப் படியும், அது போகாது. வெளியே பாலிஎத்திலீன் உறை, உள்ளே மெல்லிய எச்டிபிஇ உறை போதும். வாயை ஒட்டாதீர்கள், காற்றுப் போக வேண்டும்.

இரும்பு பீரோவில் பூட்டி வைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் அட்டையில் பூசணம் பூக்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, திறந்த அலமாரி வையுங்கள். ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது, 65-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் டீஹியூமிடிஃபயர் போட வேண்டும். நூறு எல்பி அட்டையோடு 25 கிலோவுக்கு மேல் வரும், ஆகவே 18 மிமீ பிளைவுட், 40 செமீக்கு ஒரு தடுப்பு. ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும்.

அலமாரியின் கீழ் அடுக்கைத் தரையில் வைக்கவே கூடாது. 2011-ல் 'தானே', 2024 நவம்பர் 30-ல் 'ஃபெஞ்சல்' என்று புயல்கள் நேராக இங்கேதான் கரை கடந்தன. கெடிலமும் தென்பெண்ணையும் கரை மீறும் ஊரில் முழங்கால் உயரம் குறைந்தபட்சம். நனைந்துவிட்டால் அட்டையிலிருந்து தட்டைப் பிடுங்காதீர்கள். ஒட்டியிருந்தால் அட்டையைத் தியாகம் செய்து வெட்டி எடுங்கள், தட்டை அலசி, நிழலில் நிற்கவைத்து ஃபேன் காற்றில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் வெள்ளம் விட்டுவைத்ததையும் வெயில் எடுத்துக்கொள்ளும்.

மாற்றிக்கொள்ளும்போது

உள்வளையத்தின் படம், இரு பக்கமும் ஓடும் வீடியோ இரண்டும் வராமல் ஜிபேயில் முன்பணம் போடாதீர்கள். நீங்கள் அனுப்பும்போதும் அதையே கொடுங்கள். எல்பியை அட்டைக்குள் வைத்து அனுப்பினால், ஒவ்வொரு குலுக்கலுக்கும் தட்டு இடித்து அட்டையின் ஓர ஒட்டு பிளக்கும். தட்டை உள்ளுறையோடு வெளியே எடுத்து அட்டைக்குப் பின்னால் வைத்து, இருபுறமும் நெளிவு அட்டைப் பலகை, நெளிவுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும்படி. 78 என்றால் ஒவ்வொன்றுக்கும் நடுவே அட்டை, கட்டிய கட்டு ஒரு பெட்டிக்குள், அந்தப் பெட்டி எல்லாப் பக்கமும் 5 செமீக்குக் குறையாத பஞ்சணையோடு இன்னொரு பெட்டிக்குள். பழைய ஆல்பப் புத்தகத்தில் செருகியபடி அனுப்பினால் நொறுங்கித்தான் சேரும். சென்னைக்குப் பஸ் பார்சல் போடுவதானால் இரவு வண்டியில் போடுங்கள். பகல் வண்டியின் டாப்பில் வெயிலில் கிடந்தால் எல்பி வளைந்தே இறங்கும்.